உயரம் கேட்க வந்த அக்கா

முதல் சந்திப்பிலேயே "உங்கப்பா இருக்காரா?" என்று கேட்கிற ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்? கிரேனிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பெண்மணி எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டிப் பக்கம் என்றேன். அடுத்த கேள்வியே இதுதான்.

"நல்லாத்தான் இருக்காக. ஏன், என்ன விஷயம்?" என்று முறைத்தேன்.

"ஒன்னுமில்ல தம்பி, சும்மா கேட்டேன். இருந்தா சந்தோசம்தான?" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயை ஊதிக் குடித்தார்.

அடுத்த மாதம் மறுபடி வந்தார். என் முகம் அவருக்கு ஞாபகம் இருந்தது, ஊரும் ஞாபகம் இருந்தது. ஆனாலும் கேட்டார். "அப்பா இருக்காரா?"

எனக்கு வந்ததே கோபம். "போன தடவைதான சொன்னேன்? ஒரு மாசத்துக்குள்ள எங்கய்யாவ அனுப்பி வச்சிரலாம்னு பாக்கீங்களா?"

"நீ போன மாசம் சொன்னது போன மாசத்துக்கு. இன்னிக்கு சேதி இன்னிக்கு கேட்டாத்தான தெரியும்? கோச்சுக்காத தம்பி."

இப்படியும் ஒரு பிறவியா என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நாங்கள் ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில் தொழிலாளர்களுக்கான விடுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். பல மாடிக் கட்டடம். அதற்கு நடுவில் நின்ற டவர் கிரேனுக்கு நான் ஆப்பரேட்டர். காலையில் ஏணியில் ஏறிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் இறங்குவேன். மேலேயிருந்து பார்த்தால் ஏரிகள், கார் ஏற்றிப்போகும் ட்ரெய்லர்கள், ஷிப்ட் பஸ்கள் எல்லாம் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறை இருக்கும் திசையும் தெரியும். மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும் விமானங்களைத் தினமும் பார்ப்பேன். அவற்றுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அக்காவின் வேலை உயரம் அளப்பது. புகைபோக்கி, செல்போன் டவர், மின்கோபுரம், கிரேன் என்று தரையிலிருந்து உயரமாக எது எழுந்து நின்றாலும் அதை அளந்து விமான நிலையத்துக்கு அனுப்புகிற ஒரு தனியார் கம்பெனியில் இருந்தார். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் மஞ்சள் நிற அளவைக் கருவிப் பெட்டி. நாற்பதைத் தாண்டிய வயது. சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். அவர்கள் குடும்பத்து நிலம் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அதைச் சொல்லி அவர் புலம்பி நான் ஒருநாளும் கேட்டதில்லை. "அங்க மூணு ஹைமாஸ்ட் லைட்டு வெச்சிக்கிறான், மூணையும் அளந்துட்டேன்," என்பதோடு சரி.

அளப்பது கூடப் பெரிதில்லை. ஏற்கெனவே அளந்ததை மறுபடி மறுபடி வந்து பார்ப்பதுதான் அவருடைய வியாதி. ஒரு செல்போன் டவரை அளந்து அனுப்பிவிட்டால் மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அக்கா மட்டும் போகிற வழியில் ஸ்கூட்டியை ஓரங்கட்டி, டவர் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், கீழே இருக்கிற காவலாளியிடம், இருக்கிறதா என்பதைத் தங்கள் ஊர்ப் பேச்சில், "இன்னாண்ணே, கீதா?" என்று கேட்பார். "எதிர்ல நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று அவர்கள் எரிந்து விழுவார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். சைட்டில் அவருக்கு "கீதா அக்கா" என்றே பெயர் வைத்துவிட்டோம். அவருடைய உண்மைப் பெயரை நான் கடைசி வரைக்கும் கேட்கவில்லை.

ஒருநாள் அவரைக் கிண்டல் செய்து, "ஏன்க்கா, நின்ன இடத்துல நிக்கிற கம்பம் எங்க ஓடிப் போயிரும்னு இந்தப் பாடு படுதீங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்தப் புகைபோக்கிக் கதையைச் சொன்னார்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மூடிப்போன ஒரு பாக்டரியில் பெரிய புகைபோக்கி ஒன்று இருந்ததாம். இடத்தை வாங்கியவர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கி, வேறு கம்பெனி கட்டி, அதில் ஆட்களும் வேலைக்கு வந்துவிட்டார்கள். விமான நிலையக் கணினியில் மட்டும் புகைபோக்கி அப்படியே நின்றது. ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொல்கிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கட்டடம் எதுவும் நேரில் தெரியாது. யாரோ எப்போதோ பதிந்துவைத்த உயரங்கள்தான் அவர்களுக்கு ஊர். அந்தப் பக்கம் ஏதாவது கொஞ்சம் தாழப் பறந்தால் போதும், புகைபோக்கியில் மோதப் போகிறது என்று அவர்கள் அறையில் அபாய மணி அடிக்கும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்துபோனதால், அடிக்கும்போதெல்லாம் அதை அமர்த்திவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

"சரி, இல்லாததுக்கு அடிச்சா என்னக்கா நட்டம்? கூடுதல் பாதுகாப்புதான?" என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இன்னா தம்பி பேசற நீ? இல்லாததுக்கு நெதம் அடிச்சிகினே இருந்தா, இருக்கறதுக்கு அடிக்கறப்போ எவன் காதுல வாங்குவான்?" என்றார். அந்தப் புகைபோக்கியைக் கணினியிலிருந்து எடுக்க வைப்பதற்குள் அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததாம். சேர்க்கச் சொன்னால் உடனே சேர்ப்பார்களாம். எடுக்கச் சொன்னால் மட்டும், எடுத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஒவ்வொரு மேசையிலும் தள்ளிவிடுவார்களாம்.

அந்த வியாதியை அவர் மனிதர்களிடமும் காட்டியதுதான் சங்கடம். டீக்கடை நடத்திய அம்மாவின் வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோனார். காரியம் முடிந்து கடை திறந்திருந்த சமயம் அக்கா வந்தார். ஸ்கூட்டியை நிறுத்தியதும் வழக்கம்போல, "அண்ணன் இருக்காரா?" என்றார். கடைக்காரம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அக்காவை ஒரு பிடி பிடித்தோம். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அக்கா தொப்பியைக் கழற்றி வைத்தார். அந்த அம்மாவை உள்ளே உட்கார வைத்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்லருக்கு முன்னால் நின்றார். அன்று சாயந்தரம் வரைக்கும் எங்களுக்கு டீ போட்டது அவர்தான். வாயில் வைக்க முடியாத டீ, பாகு மாதிரி இனிப்பு. யாரும் குறை சொல்லவில்லை.

அதற்கப்புறமும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. கேள்வி மட்டும் மாறியது. வரும்போதெல்லாம், "சாப்ட்டியா? தூக்கம் வருதா?" என்று அந்த அம்மாவைக் கேட்பார். ஒருநாள் கடைக்காரம்மா என்னிடம் சொன்னார்: "எல்லாரும் ஒருக்கா வந்து துக்கம் கேட்டாங்க, போயிட்டாங்கப்பா. இவ ஒருத்திதான் வரப்பல்லாம் கேக்கறா." அன்றிலிருந்து அக்காமேல் எனக்கு ஒரு பிரியம் உண்டாகிவிட்டது. அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

கிரேன் மாதிரி வந்து போகிறவற்றைக் கணினியில் நிரந்தரமாகப் பதிய மாட்டார்கள். இன்ன தேதி வரைக்கும் இந்த இடத்தில் இந்த உயரத்துக்கு ஒரு கிரேன் நிற்கும் என்று கம்பெனி அனுமதி வாங்க வேண்டும். தேதி முடிந்ததும் அது தானாகவே அழிந்துவிடும். எங்கள் சைட்டில் அந்த வருஷத்து ஐப்பசி, கார்த்திகை மழை வேலையைத் தின்றுவிட்டது. கட்டடம் பாதியில் நின்றது. அனுமதித் தேதி மட்டும் மழைக்கு ஒதுங்காமல் ஓடி முடிந்திருந்தது. மேனேஜருக்கு அது நினைவில்லை. எங்களுக்கோ அப்படி ஒரு தேதி இருப்பதே தெரியாது.

மார்கழி பிறந்த சமயம் பக்கத்து பாக்டரியில் புதுப் பகுதி திறப்பு விழாவுக்கு ஏற்பாடு நடந்தது. வெளிநாட்டு முதலாளி ஹெலிகாப்டரில் வந்து அவர்கள் வளாகத்திலேயே இறங்குவாராம். ஒத்திகைக்காக ஒருநாள் ஹெலிகாப்டர் வந்தது. நான் மேலே இருந்தேன். ஏரிப் பக்கத்திலிருந்து பனிமூட்டத்துக்குள்ளே சத்தம்தான் முதலில் வந்தது. திரும்புவதற்குள் என் கேபின் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது. கிரேனின் கைக்குப் பக்கத்தில் கடந்து போனது. பைலட் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது தெரிந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கையாட்டினேன். அவரும் கையை வீசினார். அன்று அறையில் இருந்தவர்களிடமெல்லாம் இந்தப் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். ஊரில் தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்த என் மனைவியிடமும் போனில் சொன்னேன். "நல்லா உங்களுக்கு கையாட்டுவாக, வேலையப் பாருங்க," என்றாள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா வந்தார். கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்தார், கிரேனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நேராக மேனேஜர் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சைட் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அனுமதி முடிந்த கிரேன் நிற்பதாக அக்கா பதியப் போகிறார், பதிந்த உடனே விமான நிலையத்திலிருந்து நோட்டீஸ் வரும், புது அனுமதி கிடைக்கும்வரை கிரேன் ஓடாது. கிரேன் ஓடாவிட்டால் எங்களையெல்லாம் ஒடிசாவில் இருக்கிற சைட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் மனைவிக்குத் தை மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள். ஒடிசாவுக்குப் போனால் நான் எங்கே பிள்ளை முகத்தைப் பார்ப்பது?

நான் கிரேனை நிறுத்திவிட்டுக் கீழே ஓடினேன். மேனேஜர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "மேடம், பொங்கல் வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள அனுமதிய வாங்கிடறேன். இன்னிக்கு நீங்க இந்தப் பக்கமே வரலேன்னு வெச்சுக்குங்க."

"வந்துட்டனே சார்," என்றார் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க. என் பொண்டாட்டி நெறமாசமா இருக்கா. போன வாரம் ஒரு ஹெலிகாப்டர் என்னைய உரசிட்டுப் போச்சு. என்ன ஆயிப்போச்சு? ஒன்னும் ஆகலையே!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "எவ்ளோ கிட்ட?"

"பைலட்டு மூஞ்சியே தெரிஞ்சுது. கையெல்லாம் ஆட்டினாரு."

அவருடைய முகம் சுண்டிப்போனது. கிட்டே வந்து டேப்லெட்டை என் கண்ணெதிரே நீட்டினார். அதிலிருந்த வரைபடத்தில் ஒரகடம் முழுக்க, உயரமான ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக, சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. எங்கள் சைட் இருந்த இடத்தில் விரலை வைத்தார். அங்கே வெறும் பச்சை.

"நீ எங்க குந்திகினு வேலை செய்யற?"

நான் கிரேனைக் காட்டினேன்.

"இதுல அங்க ஒன்னுமே இல்ல தம்பி. அந்த பைலட்டுக்கும் இல்ல, அவருக்கு வழி சொல்றவங்களுக்கும் இல்ல. நீ வெறும் காத்துல குந்திகினு கீற. அவரு கையாட்னாரா, பதறினாரா, உனக்கு இன்னா தெரியும்?"

அந்தப் பச்சையை ஒரு முறை பார்த்தேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "நாசமாப் போங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்படிச் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவரும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். போகும்போது மேனேஜரிடம், "உச்சியில செவப்பு லைட்டு எரியல. அதையாவது இன்னிக்கே போடுங்க. பகல்லயும் எரியட்டும்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார்.

மறுநாளே நோட்டீஸ் வந்தது. கிரேனைப் பூட்டினார்கள். கம்பி கட்டுகிறவர்கள், கான்கிரீட் ஆட்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு ஒடிசாவுக்கு ரயிலேறினார்கள். போகும்போது அக்காவை அவர்கள் வாழ்த்தின வாழ்த்தை இங்கே எழுத முடியாது. நின்றுகொண்டிருக்கும் கிரேனுக்கும் ஆள் வேண்டும். காற்றடித்தால் அது தன் போக்கில் திரும்ப வேண்டும், பிரேக்கைப் பார்க்க வேண்டும். அதனால் என்னையும் கிரேனைப் பூட்டிக் கழற்றுகிற பிட்டர் ஒருவரையும் மட்டும் விட்டுவைத்தார்கள். ஒடிசா தப்பியது என் அதிர்ஷ்டம், அக்காவின் கருணை இல்லை என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விழா நாள் காலையில் சிவப்பு விளக்கு மறுபடி அணைந்திருந்தது. அதைச் சரிசெய்ய நான் மேலே ஏறினேன். நல்ல பனி. ஏரி தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, ட்ரெய்லர்களின் ஹாரன் மட்டும் கீழேயிருந்து வந்தது. பல்பை மாற்றிக்கொண்டிருந்தபோது அதே சத்தம் கேட்டது. அதே ஏரிப் பக்கம். நான் உச்சிக்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். போன தடவை கையாட்டினவன், இந்தத் தடவை குலசாமியைக் கூப்பிட்டேன். பிறக்கப் போகிற பிள்ளையிடம் பின்னால் யாராவது உங்கப்பா இருக்காரா என்று கேட்டால் அது என்ன சொல்லும் என்று அந்த நேரத்திலா தோன்ற வேண்டும்? தோன்றியது.

சத்தம் நெருங்கியது. ஆனால் பக்கத்தில் வராமல், தூரத்திலேயே உயரே ஏறியது. பனிக்கு மேலே ஒரு நிழல் மாதிரி தெரிந்தது. எங்களை விட்டு நன்றாக விலகி, நெடுஞ்சாலைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், பாக்டரி வளாகத்துக்கு மேலே நின்று நிதானமாக இறங்கியது. மேளச் சத்தம் கேட்டது. வெடி போட்டார்கள்.

கீழே இறங்கி ஏணியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிட்டர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "பாத்தியா, எங்கயோ தூரமா சுத்திகினு போயிட்சி. இதுக்குத்தான் அந்தம்மா அத்தன பேரு பொங்கலையும் கெடுத்துட்சா?" என்றார். மேனேஜரும் அதைத்தான் சொன்னார். ஒடிசாவிலிருந்து போன் செய்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை, அதனால் அக்கா செய்தது அநியாயம். அக்கா பதிந்து வைத்ததால்தான் அது விலகிப் போனது என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அன்று அந்த உச்சியில் நின்றவன் நான் ஒருவன்தான். யாருக்கும் ஏறவில்லை.

அனுமதி வந்தது. கிரேன் ஓடியது. என் மகள் பிறந்தாள், நான் போய்த் தூக்கினேன். கட்டடக் கம்பெனி மேலிடத்தில் புகார் செய்ததில் அக்காவைத் திண்டிவனம் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரம்மா சொல்லித் தெரிந்தது. அவருக்குப் பதிலாக வந்த பையன் கேட்டுக்கு வெளியிலிருந்தே போனில், "கிரேன் இருக்குல்ல சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

கோடை வெயிலில் வேலை முடிந்து கிரேனைப் பிரிக்கிற நாள் வந்தது. காலையிலேயே கேட்டுக்கு வெளியே அந்த ஸ்கூட்டி. அந்தப் பகுதிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மேனேஜர் உள்ளே கூப்பிடவில்லை. ஒடிசாவிலிருந்து திரும்பி வந்திருந்த ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேலியோரம் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார்.

ஆள் குறைவு என்பதால் நானும் பிட்டர்களோடு மேலே போல்ட்டு கழற்றிக்கொண்டிருந்தேன். கிரேனின் கை இறங்கியது. கேபின் இறங்கியது. தூண் மட்டும் பாதி உயரத்துக்கு நின்றது. மத்தியானம் மேனேஜர் மனம் பொறுக்காமல் வேலியருகே போய், "மேடம், இனிமே இது எந்த விமானத்துக்கும் இடைஞ்சல் இல்ல. வெயில்ல ஏன் நிக்கறீங்க? அந்தப் பையனுக்குச் சொல்லி கம்ப்யூட்டர்லேருந்து எடுக்கச் சொல்லிட்டுக் கெளம்புங்க," என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"மேல ஆளு கீறாங்களே சார்," என்றார் அக்கா.

கடைசித் துண்டின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு நான்தான் கடைசியாக இறங்கினேன். தரையில் கால் வைத்து, பெல்ட்டை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்திருந்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளு எறங்கிட்டான்பா," என்றார் போனில். "நான் கண்ணால பாத்துட்டேன். இப்போ எடுத்துடு."